ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பு

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்குகள் லோடு லோடாகக் கிளம்பும். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைகள். மற்ற நாட்களில் பீங்கான் ஃபியூஸ் கேரியர், தேநீர்க் கோப்பை என்று ஏதாவது ஒன்று. வைக்கோலுக்கு நடுவே அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பிக்கப் வண்டி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்குள் இருட்டிவிடும். டிரைவர் பார்க்கிங் லைட் சுவிட்சைத் தட்டுவார். வழியில் ஒரு பள்ளம். பின்விளக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்துபோகும். வண்டி ஓடும், ஹார்ன் அடிக்கும், ஹெட்லைட்கூட எரியும். பின்னால் வருகிறவருக்கு மட்டும் இப்படி ஒரு வண்டி முன்னே போவது தெரியாது. ஆயிரக்கணக்கான விளக்குகளை ஏற்றிக்கொண்டு, தனக்கு விளக்கில்லாமல் போகும் வண்டி!

ஃபியூஸ் போயிருக்கும். புதிது போட்டால் எரியும். அடுத்த பள்ளத்தில் மறுபடி போகும். எங்கோ ஷார்ட். ஆனால் எங்கே? பல மீட்டர் ஒயர், கறுப்பு டேப் சுற்றிக் கட்டுக் கட்டாக, வண்டியின் அடியில் கண்ணுக்கு மறைவாக ஓடுகிறது.

விவரமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்த டேப்பைப் பிரிப்பதில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இரண்டு துளைகளிலும் ஒரு சாதாரண இண்டிகேட்டர் பல்பின் இரண்டு கம்பிகளைச் செருகுகிறார். பல்பு பளிச்சென்று எரிகிறது. “ஷார்ட் இருக்கு” என்கிறார். பிறகு எதையெதையோ கழற்றுகிறார், அசைக்கிறார். ஓரிடத்தில் பல்பு மங்குகிறது. “இங்கதான்” என்கிறார்.

பல்பு எரிந்தால் சரி, எரியாவிட்டால் பழுது என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது. அது ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒற்றை ஒயரில் ஓடும் வண்டி

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு ஒயர் போகிறது. வண்டியில் பெரும்பாலும் ஒன்றுதான். பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், சுவிட்ச் வழியாக ஒயரில் ஓடிப் பல்புக்குப் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் பாதை. பேட்டரியின் எதிர்முனையை ஒரு தடித்த கேபிளால் சட்டத்தோடு முடுக்கியிருப்பார்கள். பட்டறையில் இதற்கு ‘பாடி எர்த்’ என்று பெயர்.

செம்பு மிச்சம், எடை மிச்சம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வண்டியில் கையை வைக்கும் இடமெல்லாம் இரும்பு. அந்த இரும்பு முழுவதும் பேட்டரியின் எதிர்முனை. ஒயரின் பிளாஸ்டிக் உறை எங்காவது ஒரு கடுகளவு தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொட்டால் போதும். பல்பு வரை போகாமல் மின்சாரம் அங்கேயே திரும்பிவிடும். இதுதான் குறுக்குச்சுற்று, நாம் ஷார்ட் என்று சொல்வது. மின்சாரம் வேலை எதுவும் செய்யாமல் வீடு திரும்பும் குறுக்கு வழி.

120 ஆம்பியர் எங்கிருந்து வந்தது?

ஷார்ட் ஆனால் ‘கரண்ட் அதிகமாக வந்துவிட்டது’ என்போம். எங்கிருந்து வந்தது? பேட்டரி அதே 12 வோல்ட் பேட்டரிதானே?

பேட்டரி ஓர் அழுத்தத்தைத்தான் தருகிறது. அந்த அழுத்தத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது பாதையில் இருக்கும் மின்தடை. தடை பாதியானால் ஓட்டம் இரு மடங்கு. தடையை அளக்கும் அலகு ஓம், ஓட்டத்தை அளக்கும் அலகு ஆம்பியர்.

நம் பிக்கப்பின் பார்க்கிங் லைட் சுற்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று. ஆளுக்கு 5 வாட் என்று வைத்தால் மொத்தம் 25 வாட். 12 வோல்ட்டில் இதற்கு ஓடுவது சுமார் 2 ஆம்பியர். ஐந்து பல்பும் சேர்ந்து காட்டும் தடை 6 ஓமுக்குச் சற்றுக் குறைவு.

இப்போது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒயர் தேய்ந்து சட்டத்தைத் தொடுகிறது. பல்புகளின் தடை இனிக் கணக்கில் இல்லை. மிஞ்சியிருப்பது ஒயரின் தடை மட்டும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு ஒயர் 5 மீட்டர் நீளம் என்றால் அதன் தடை 0.09 ஓம்கூட வராது. சுவிட்ச், பேட்டரி, இணைப்புகளின் சில்லறைத் தடைகளையும் சேர்த்து 0.1 ஓம் என்று வைப்போம். 12-ஐ 0.1-ஆல் வகுத்தால் 120. இரண்டு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த ஒயரில் 120 ஆம்பியர்! வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும் பேட்டரிக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஒயருக்குத்தான் பெரிய விஷயம். அந்த முதல் கணத்தில் ஒயருக்குள் பிறக்கும் வெப்பம் 1,200 வாட்டுக்கு மேல். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு முழுவதும் 5 மீட்டர் ஒயருக்குள் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒயரில் இருக்கும் செம்பு 45 கிராம்தான். வெப்பநிலை நொடிக்கு ஏறத்தாழ 70 டிகிரி வீதம் ஏறும். ஒயரின் மேலிருக்கும் பிவிசி உறை தாங்குவது, நல்ல ரகமாக இருந்தாலும், 105 டிகிரி வரை. நம் ஊர் வெயிலில் வண்டி ஏற்கெனவே 35 டிகிரியில் நிற்கும். ஆகவே இரண்டாவது நொடியிலேயே உறை இளகத் தொடங்கிவிடும். அந்த ஒயரோடு ஒரே கட்டில் ஓடும் மற்ற ஒயர்களின் உறையும் கூடவே இளகும். வண்டி தீப்பிடிக்கும் கதைகளில் பல இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஃபியூஸ் காப்பாற்றுவது யாரை?

பல்பைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். பல்பு பத்து, இருபது ரூபாய்ச் சமாசாரம். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. வேறு எங்கும் உருகுவதற்கு முன் உருகட்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட ஓர் இடம் அது. தமிழ்ப் பாடநூல்கள் அதை உருகி என்றே சொல்கின்றன. 120 ஆம்பியர் பாயும்போது 10 ஆம்பியர் ஃபியூஸ் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அறுந்துவிடும். அதற்குள் ஒயர் ஏழு டிகிரிகூடச் சூடாகியிருக்காது.

மின் விநியோகத்துக்கான ஃபியூஸுக்கு 1890-இல் காப்புரிமை பெற்றவர் தாமஸ் எடிசன். வீட்டு மீட்டர் பலகையில் அது பீங்கானுக்குள் குடியேறியதற்குக் காரணம் உண்டு. ஃபியூஸ் கம்பி அறும் கணத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு மின்பொறி நீண்டு எரியும். அதன் சூடு பல ஆயிரம் டிகிரி. பிளாஸ்டிக்காக இருந்தால் கருகும். கருகினால் கரி. கரியில் மின்சாரம் ஓடும். தடுப்பதற்காக வைத்த பொருளே பாதையாகிவிடும். களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட பீங்கானில் கருக எதுவும் மிச்சமில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் ஓர் அரசுப் பயிலகமும் பக்கத்திலேயே இருக்க, விருத்தாசலத்துச் சூளைகள் ஃபியூஸ் கேரியரைச் சுட்டெடுத்ததில் வியப்பில்லை.

வண்டிக்கும் ஒரு காலத்தில் பீங்கான் ஃபியூஸ் இருந்தது. பழைய ஐரோப்பியக் கார்களில், இரு முனையும் கூம்பிய சின்னப் பீங்கான் உருளை மேல் ஒரு உலோகப் பட்டை ஓடும். 1970-களின் நடுவில் இரண்டு தட்டைக் கால்கள் கொண்ட பிளாஸ்டிக் ஃபியூஸ் வந்து அதை ஓரங்கட்டியது. 12 வோல்ட்டில் மின்பொறி நீடித்து நிற்பதே கடினம் என்பதால் பிளாஸ்டிக்கே அங்கே போதும். 230 வோல்ட்டில் போதாது.

தடயத்தை அழித்துவிடும் ஃபியூஸ்

ஃபியூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தேடுகிறவருக்குப் பிரச்சினையே அதுதான். ஒயர் இரும்பைத் தொட்ட மறுகணம் சுற்று அறுந்துவிடுகிறது. மின்சாரம் நின்றபின் பழுது எங்கே என்று கேட்டால் யார் பதில் சொல்வது? இன்னொரு ஃபியூஸ் போட்டால் இன்னொரு நொடிக்கும் குறைவான தடயம். ஒரு பெட்டி ஃபியூஸைத் தீர்த்தாலும் விடை கிடைக்காது.

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம், அல்லது சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகலாம் என்று ஒரு வைத்தியம் எங்கும் உண்டு. பழுதான இடத்தில் புகை வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் தர்க்கம். புகை நிச்சயம் வரும். ஆனால் பழுதான இடத்திலிருந்து மட்டும் வராது, மொத்த ஒயரிலிருந்தும் வரும்.

ஆகவே தேவை இரண்டு. ஷார்ட் அப்படியே இருக்க வேண்டும், அறுந்துவிடக் கூடாது. அதே சமயம் ஒயர் சூடாகவும் கூடாது. பழுதைப் பழுதாகவே, ஆனால் ஆபத்தில்லாமல், வேண்டிய நேரம் வரை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இதைச் செய்கிறது.

பல்புக்குள் நடப்பது

பல்பை ஃபியூஸின் இடத்தில் வைத்தால் பாதையில் அதன் தடையும் சேர்ந்துகொள்கிறது. எரியும் நிலையில் 21 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 7 ஓம். பின்னால் முழு ஷார்ட் இருந்தாலும் இப்போது ஓடக்கூடியது 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. 1,200 வாட்டில் கொதித்த அதே ஒயரில் இப்போது பிறக்கும் வெப்பம் கால் வாட்தான். நாள் முழுவதும் அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது. 12 வோல்ட்டும் பல்பின் மேலேயே விழுவதால் அது முழு வெளிச்சத்தில் எரிகிறது. பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் என்பது இதனால்தான்.

ஷார்ட் இல்லாவிட்டால்? மின்சாரம் சோதனை பல்பைக் கடந்து, பிறகு ஐந்து பார்க்கிங் பல்புகளையும் கடக்க வேண்டும். சோதனை பல்பு 21 வாட், அந்த ஐந்தும் சேர்ந்து 25 வாட். கிட்டத்தட்டச் சம பலம். 12 வோல்ட்டை இரு தரப்பும் ஏறக்குறையப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். எல்லாமே செம்மஞ்சளாக, சோகையாக எரியும். மங்கல் என்றால் நலம், பளிச் என்றால் பழுது.

இதே கணக்கு ஹெட்லைட் சுற்றில் ஆளை ஏமாற்றிவிடும். அங்கே இரண்டு 55 வாட் பல்புகள், சேர்ந்து 110 வாட். அவற்றின் தடை மிகக் குறைவு. ஷார்ட் எதுவும் இல்லாமலே சோதனை பல்பு 12 வோல்ட்டின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு பளிச்சென்று எரியும். அங்கே முதலில் ஹெட்லைட் பல்புகளைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. சோதனையின் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கும், காரணம் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில் வெளிப்படும்.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று ஒரு கேள்வி வரலாம். மீட்டரை ‘பீப்’ ஒலிக்கு வைத்து ஒயருக்கும் சட்டத்துக்கும் நடுவே பிடித்தால் அது ‘பீப்’ என்று கத்தும். ஷார்ட் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், பல்பு ஆறியிருந்தால். ஐந்து நல்ல பல்புகளும் ஆறிய நிலையில் சேர்ந்து காட்டுவது அரை ஓம் அளவுதான். மீட்டருக்கு அரை ஓமும் ஷார்ட்டும் ஒரே ‘பீப்’தான். பல்புகள் எல்லாவற்றையும் கழற்றாமல் மீட்டரை நம்பி, இல்லாத ஷார்ட்டைத் தேடி ஒரு பொழுது முழுவதையும் கழித்தவர்கள் உண்டு.

பாதி பாதியாகத் தேடுவது

பல்பு பளிச்சென்று எரிகிறது. இனி இடத்தைப் பிடிக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு அங்குலமாகப் பார்ப்பது பொறுமைசாலியின் வழி. கெட்டிக்காரர் நடுவில் வெட்டுகிறார்.

முதலில் லைட் சுவிட்சை அணைத்துப் பார்க்கிறார். பல்பும் அணைகிறது. அப்படியானால் ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவே பழுதில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டு, கேபினுக்குப் பின்னால் பின்பக்க ஒயரிங் வந்து சேரும் கப்ளரைக் கழற்றுகிறார். பளிச்சென்ற வெளிச்சம் சட்டென்று மங்கலாகிறது. முன்பக்க இரண்டு பல்புகள் மட்டும் சுற்றில் மிச்சம். பழுது கப்ளருக்குப் பின்னால். ஒரே அசைவில் பாதி வண்டி விசாரணையிலிருந்து விடுதலை!

கப்ளரைத் திரும்ப மாட்டுகிறார், பளிச். இடது பின்விளக்கின் இணைப்பைக் கழற்றுகிறார், மாற்றமில்லை. வலது, மாற்றமில்லை. நம்பர் பிளேட் விளக்கு, மாற்றமில்லை. கடைசி முனைகள் எல்லாம் நல்லவை. ஆகவே குற்றவாளி நடுவே, சட்டத்தோடு ஓடும் மெயின் ஒயரிங்கில். இனி அதை ஒரு கையால் பிடித்து, சாண் சாணாக அசைத்துக்கொண்டே, கண்ணைப் பல்பின் மேல் வைத்திருக்கிறார். ஓரிடத்தில் அசைக்கும்போது பல்பு மின்னி மங்குகிறது.

ஒவ்வொரு சோதனையும் சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கினால், 32 இடங்களில் ஒன்றைப் பிடிக்க 5 சோதனை போதும். கணினிகள் வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதும் இதே முறையில்தான்.

லோடு ஏறினால் மட்டும்

நடைமுறையில் வண்டிகள் இவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

“அண்ணே, லோடு ஏத்துனா மட்டும் போவுதுண்ணே. காலியா வந்தா ஒண்ணும் ஆவல.”

“அப்ப காலி வண்டிய ஏன் தம்பி கொண்டாந்த? லோடோட வா.”

இந்தப் பதில் கேலி இல்லை, நோயறிதல். பீங்கான் சரக்கு கனமானது. ஏற்றியதும் பட்டை வில் வளைந்து சட்டம் கீழே இறங்கும். சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் லோடு பாடியும் சில மில்லிமீட்டர் அழுந்தும். பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் கட்டையோ ரப்பரோ தேய்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக அழுந்தும். அங்கே கிளிப் விட்டுப்போய்த் தொங்கும் ஒயரிங் ஒன்று இருந்தால், குறுக்குச் சட்டத்தின் கூரான விளிம்பு ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் மேல் ஒரு முறை தேய்க்கும். மாதக் கணக்கில் தேய்த்து உறையை அறுத்த பிறகு, லோடும் பள்ளமும் சேரும் கணத்தில் மட்டும் செம்பு இரும்பைத் தொடும். காலி வண்டியில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. மீட்டர் எதுவும் காட்டாது, பல்பு மங்கலாகத்தான் எரியும், எலக்ட்ரீஷியன் “வண்டி நல்லாத்தான் இருக்கு” என்பார்.

லோடு கொண்டுவர முடியாவிட்டால் சோதனை பல்பை டேஷ்போர்டுக்கு அருகே டிரைவர் கண்ணில் படும்படி தொங்கவிட்டு, பகலில், பள்ளம் மேடுள்ள தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எந்த அசைவில் பல்பு மின்னுகிறதோ அதுவே துப்பு. இடதுபுறம் சாய்ந்தால் மட்டும் மின்னினால் தேடலின் பரப்பு மறுபடி பாதியாகிறது.

எனக்கு இந்த வகைப் பழுதுதான் ஷார்ட்டுகளில் சுவாரசியமானது. நிரந்தர ஷார்ட்டை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். வந்துவந்து போகும் ஷார்ட்டைப் பிடிக்க மின்சாரத்தோடு வில், கட்டை, விளிம்பு, சரக்கின் எடை எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

ஷார்ட் போல வேடமிடும் எர்த்

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது என்று சில வண்டிகள் வரும். இதையும் ஷார்ட் என்றே சொல்வார்கள். ஆனால் ஃபியூஸ் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். இது நேர் எதிரான நோய். இருக்கக் கூடாத பாதை ஒன்று உண்டானது ஷார்ட். இருக்க வேண்டிய திரும்பும் பாதை, அதாவது பாடி எர்த், துருவால் அடைபட்டது இது.

பின்விளக்குப் பல்புக்குள் பெரும்பாலும் இரண்டு இழைகள். பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் திரும்பும் வழி பொதுவானது. அது அடைபட்டால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் 5 வாட் இழைக்குள் பின்வாசல் வழியாகப் புகுந்து, பார்க்கிங் ஒயரைப் பிடித்து முன்னோக்கி ஓடி, டேஷ்போர்டு விளக்குகள் வழியாக எர்த்தை அடைகிறது. விளக்கின் எர்த் முனையிலிருந்து சுத்தமான இரும்புக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து முடுக்கினால் வேலை முடிந்தது.

மாட்டிய பிறகு

தேய்ந்த இடம் கிடைத்ததும் மேலே டேப்பைச் சுற்றிவிட்டு அனுப்புவது அரைகுறை வேலை. பச்சை பூத்த செம்பை வெட்டி எறிந்து, புதுத் துண்டு சேர்த்துச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கூரான விளிம்பிலிருந்து ஒயரிங்கை விலக்கி, நெளிவுக் குழாய்க்குள் விட்டு, புதுக் கிளிப் போட்டு இறுக்குவது. விளிம்பை விட்டுவைத்தால் அது மறுபடி அறுக்கும். எல்லாம் முடிந்தபின் பல்பை மீண்டும் ஒருமுறை ஃபியூஸ் துளையில் செருகி, லோடோடு, ஒயரிங்கை அசைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கலாகவே நின்றால் பல்பை எடுத்துவிட்டு ஃபியூஸ் போடலாம்.

எல்இடி விளக்குகளும், சுற்றைத் தானே துண்டிக்கும் மின்னணுப் பெட்டியும் உள்ள புது வண்டிகளில் இந்தக் கணக்குகள் பொருந்தாது. அங்கே பல்பை நீட்ட வேண்டாம். ஆனால் சாலையில் ஓடும் பழைய பிக்கப்புகளுக்கு இது இன்றும் போதும்.

ஃபியூஸ் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் ஃபியூஸ் அடிக்கடி போகாது என்பது உண்மைதான். பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும் ஒரு ஷார்ட்டில் 25 ஆம்பியர் ஓடினால், பச்சை ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் கட்டுக்குள் ஓடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரால் அதை நெடுநேரம் தாங்க முடியாது. வைக்கோல் ஏற்றிய வண்டியில் அந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள்.